வெட்டவெளியில் படுத்திருந்தவள்

போன கிழமை, சூழல் மதிப்பீட்டு வேலைக்குப் புதிதாக வந்த உங்களில் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்து என் வீட்டுப் படலையில் நின்றீர்கள். கடற்கரையில் ஒரு கலைஞர் மூங்கிலாலும் பழைய வலையாலும் பென்னாம்பெரிய மீன் ஒன்று கட்டப்போகிறார், இடம் பார்த்து அறிக்கை எழுதவேண்டும், பழைய ஆள் நான் என்ன சொல்கிறேன் என்று கேட்டீர்கள். நான் திருப்பிக் கேட்டதற்கெல்லாம் ஒரே பதில்தான் வந்தது. "ஒரு கிழமைக்குத்தானே ஐயா. பிறகு கழட்டிப்போடுவினம்."

அன்றைக்கு நான் தேத்தண்ணீர் தந்து அனுப்பிவிட்டேன். சொல்ல வேண்டியது நீளமாக இருந்தது. அதை இப்போது எழுதுகிறேன்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். புகையிலை லொறியில் கிளீனராகப் போனேன். மன்னாரில் மீன்வாடியில் நின்றேன். வவுனியாவில் வயலில் அரிவு வெட்டினேன். கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினேன். எண்பத்துமூன்றுக் கலவரத்தில் அந்தக் கடை எரிந்தது. கப்பலில் வந்து காங்கேசன்துறையில் இறங்கினபோது இடுப்பில் இருந்த சாரம் மட்டும் என்னுடையது. போட்டிருந்த சேட்டு வேறு யாரோ தந்தது. பிறகும் ஓரிடத்தில் இருக்கவில்லை. கடைசியில் தென்மராட்சியில் ஒரு சபைக் கந்தோரில் கூலியாளாகச் சேர்ந்தேன். செயலாளர் என்னைப் பார்த்து, "சும்மா சுத்துறவன்தானே நீ. சம்பளத்துக்குச் சுத்து" என்றார். அப்படித்தான் இந்த வேலை வந்தது.

பொது நிலத்தில் கொஞ்ச நாளைக்கு எதையாவது பெரிதாக எழுப்ப யாராவது விரும்பினால் நான் முதலில் போய்ப் பார்ப்பேன். திருவிழாச் சப்பறம், கூத்து மேடை, அலங்கார வளைவு, கண்காட்சிப் பந்தல், எதுவாக இருந்தாலும் சரி. மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், எந்த மரத்தின் வேர் எங்கே நிற்கிறது, ஆர் அதால் நடக்கிறார்கள், என்ன மேய்கிறது என்று பார்த்து வந்து சொல்லவேண்டும். நீங்கள் சூழல் மதிப்பீடு என்கிறீர்கள். நாங்கள் இடம் பார்க்கிறது என்றோம். அந்தக் காலத்தில் அனுமதி கொடுக்கிறவர்கள் பலர். நான் மண்ணுக்கு மட்டும் பதில் சொல்கிறவன்.

எனக்கு முந்தி அந்த வேலையைப் பார்த்தவர் எப்போதும் குடையோடு திரிகிற மனுசன். அதிகம் கதைக்கமாட்டார். ஒரு கோயில் வீதியில் சப்பறம் கழற்றி மாதக்கணக்கான பிறகு, மழை வெள்ளம் நிற்கிற நேரம் என்னை அங்கே கூட்டிப்போனார். "என்ன தெரியுது?" என்றார். வெள்ளம்தான் தெரிந்தது; வேறொன்றுமில்லை என்றேன். குடையின் நுனியை வெள்ளத்துக்குள் குத்தினார். அது பிடிவரை இறங்கிப்போனது. சப்பறக் கால் நட்ட கிடங்கு, மூடாமல் விட்ட குழி. முந்தின வருடம் அப்படி ஒன்றில் ஒரு கன்றுக்குட்டி கால் முறித்ததாம். "மேலை இருந்ததைத்தான் கழட்டினவங்கள்" என்றார். அவ்வளவுதான் அவர் எனக்குத் தந்த படிப்பு. அதை வைத்துக்கொண்டு பல வருடம் ஓட்டினேன்.

கிறேஸ் ரீச்சரின் சித்திரம் வரும்வரைக்கும்.

அது தொண்ணூறுகளின் தொடக்கம். யுத்தம்; எங்கள் பக்கத்துக்குப் பொருளாதாரத் தடைக்காலம். சீமெந்து இல்லை, பெயின்ற் இல்லை, பற்றரி இல்லை, மண்ணெண்ணெய் போத்தலில் அளந்து வரும். ஹெலியும் குண்டு போடுகிற பொம்மரும் வருகிற நேரத்தை மாடு கன்று கூட அறிந்து வைத்திருந்தன. கிறேஸ் ரீச்சர் மிசன் பள்ளிக்கூடம் ஒன்றில் சித்திரம் படிப்பித்தவ. நாற்பது வயது இருக்கும். ஒருநாள் கந்தோருக்கு வந்து, சாவகச்சேரிக்குக் கிழக்கே உள்ள பொதுவெளியில் ஒரு படம் கீற வேணும் என்று கேட்டா.

"எவ்வளவு பெரிசு?" என்று செயலாளர் கேட்டார்.

"பாதையிலையிருந்து அந்த வடலிப் பனைக் கூடல் வரைக்கும்."

செயலாளர் பேனையை மேசையில் வைத்தார். "அது படமில்லை ரீச்சர். அது காணி."

வெளியைப் பார்க்க என்னை அனுப்பினார்கள். ரீச்சரும் சைக்கிளை உருட்டிக்கொண்டு கூட வந்தா. என்ன படம் என்று கேட்டேன். ஒரு பொம்பிளை நிலத்தில் மல்லாந்து படுத்து நித்திரை கொள்ளுகிற படம் என்றா. கை இரண்டும் தலைக்குக் கீழே, கால் இரண்டும் நீட்டியபடி. சுண்ணாம்பால் கோடு.

"ஏன் படுத்திருக்கிறா?" என்றேன். எனக்கு விளங்காததை நான் கேட்காமல் விடுகிறதில்லை.

"என்ரை அம்மா கதிரையிலைதான் நித்திரை கொள்ளுறா" என்றா ரீச்சர். "பங்கர் வாசலிலை கதிரையைப் போட்டுக்கொண்டு. பக்கத்து வளவிலை செல் விழுந்த நாள் துடக்கம். படுத்தா எழும்பி ஓட நேரம் காணாதாம். ஒருக்காலாவது நீட்டி நிமிந்து படுக்கிற மாதிரி அவவுக்குக் காட்ட வேணும்."

அதற்குப் பிறகு நான் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. மற்றக் கேள்விகளைக் கேட்டேன். சுண்ணாம்பு நன்றாக நீற்றினதா? இல்லாவிட்டால் ஆட்டின் குளம்பை எரிக்கும். மழைக்கு முந்திச் சுரண்டி எடுக்கலாமா? இல்லாவிட்டால் வெளியின் தெற்குப் பக்கத்துக் கேணிக்குள் போகும், மாடு குடிக்கிற தண்ணீர் அது. ஆட்காட்டிக் குருவி முட்டையிட்ட இடம் ஏதும் உண்டா என்று குனிந்து குனிந்து நடந்தேன். எல்லாவற்றுக்கும் ரீச்சர் ஓம் என்றா, செய்யலாம் என்றா. நல்ல இடம், நல்ல ஆள், சிறிய ஆபத்து. எனக்கு அந்த வேலை பிடித்துக்கொண்டது.

பிடிக்காத ஒரு ஆள் இருந்தா. பூமணி அக்கா. வெளியில் ஆடு மேய்க்கிறவ. ஆடு எல்லாம் அவவுடையதில்லை, பாதி ஊராருடையது. நான் போகிற நாளெல்லாம் தூரத்தில் இருந்தே தொடங்குவா.

"ஓவசியர் ஐயா இண்டைக்கும் வந்திட்டார். புல்லு எண்ணி முடிஞ்சுதோ?"

"நான் ஓவசியர் இல்லை அக்கா. கூலி."

"கூலியெண்டால் மண்வெட்டி எங்கை?"

வெளியின் ஓரத்துப் பனைகளில் கள்ளுச் சீவுகிறவர் சின்னத்துரை அண்ணை. காலையும் மாலையும் பாடிக்கொண்டு ஏறுவார். அவர் எங்களைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் மேலே இருக்கும்போது பாட்டை நிறுத்திவிட்டு எங்களைப் பார்ப்பார்.

செயலாளர் ஓம் என்ற பிறகு, ரீச்சர் முதலில் கால்களை மட்டும் போட்டுப் பார்க்க விரும்பினா. ஒரு சனிக்கிழமைக் காலை. கயிறு பிடித்து நான் நின்றேன். அவ கடகத்தில் சுண்ணாம்பு சுமந்து கோடு போட்டா. நீட்டின இரண்டு கால். நாலு நீளக் கோடு. காய்ந்த மண்ணில் அந்த வெள்ளை எழும்பி நின்றது. நிமிர்ந்து பார்க்க எனக்கே சந்தோசமாக இருந்தது.

பனையின் மேலிருந்து சின்னத்துரை அண்ணையின் குரல் வந்தது.

"ரீச்சர், உதென்ன, றோட்டே போடுறியள்?"

"றோட்டில்லை அண்ணை. கால்."

"காலோ?" ஓலையை விலக்கிக் குனிந்து பார்த்தார். பிறகு, "இஞ்சையிருந்து பாக்க, பிளேன் இறங்குற இடம் மாதிரியெல்லே கிடக்கு" என்றார்.

நான் கயிற்றைக் கீழே போட்டேன். ரீச்சர் என்னைப் பார்த்தா. நான் ரீச்சரைப் பார்த்தேன். பிறகு இரண்டு பேரும் மேலே பார்த்தோம்.

ஊரில் ஆரும் புதுத்தகரம் போட்டால் மேலே ஓலை பரப்பி மினுக்கத்தை மறைப்பார்கள். வெள்ளை வேட்டி தோய்த்தால் மரத்துக்குக் கீழே காயப்போடுவார்கள். அப்படிப்பட்ட ஊர். நாள் முழுக்க வானத்தைப் பார்த்து வாழ்ந்த நாங்கள், இந்த வெளியை வானத்திலிருந்து பார்க்கவில்லை. இடம் பார்க்கிறது என்றால் நிலத்தைப் பார்க்கிறது என்பது பழக்கம். சுண்ணாம்பு கிணற்றுக்கட்டில் இருக்கிறது, கோயில் மதிலில் இருக்கிறது; அதை ஆர் வெள்ளை என்று நினைப்பான்?

ஓடுபாதை என்று நினைத்துக் குண்டு போட்டால், வெளியைச் சுற்றி வீடுகள். வேலியோடு வேலியாக வீடுகள்.

யோசித்து முடிக்க நேரம் கிடைக்கவில்லை. கடல்நீரேரிப் பக்கத்திலிருந்து ஹெலிச் சத்தம் கேட்டது. பூவரசுக்குக் கீழே ஒரு பங்கர் இருந்தது. "ரீச்சர், அதுக்கை போங்கோ" என்றேன்.

"கோடு?" என்றா. கடகத்தை விடவில்லை.

நான் காலால் மண்ணைத் தள்ளிக் கோட்டை மூடப் பார்த்தேன். வெள்ளைப் புழுதி எழும்பியது. அது கோட்டைவிட மோசம்.

அப்போது பூமணி அக்கா எங்களுக்குப் பக்கத்தால் நடந்து போனா. ஓடவில்லை; நடந்தா. ஆட்டுக்கு வெட்டிக்கொண்டு வந்த முள்முருக்கங் குழைக்கட்டு, இலையும் கொப்புமாக, தலையில் இருந்தது. அதைக் கோட்டின் தலைப்பில் போட்டுக் கட்டின கயிற்றை அறுத்தா.

"ஓடாதையுங்கோ" என்றா. "ஆக்கள் ஓடினாத்தான் அவங்கள் பாப்பாங்கள். குழையை எடுத்துக் கோட்டிலை போட்டுக்கொண்டு வாங்கோ. மெதுவா."

நாங்கள் போட்டோம். ஒரு கோட்டில் நான், ஒரு கோட்டில் ரீச்சர், மற்ற இரண்டிலும் பூமணி அக்கா. ஆடுகள் பின்னாலேயே வந்துவிட்டன. குழை விழுந்த இடமெல்லாம் ஆடு நின்றது. வெள்ளைக் கோடு துண்டு துண்டாகிப் போனது. நாங்கள் பூவரசின் நிழலில் போய் இருந்தோம். மேலே சின்னத்துரை அண்ணை ஓலையோடு ஓலையாக இருந்தார். அவருக்கு ஒளிக்க வேறு இடமில்லை.

ஹெலி தாழ வந்தது. வெளிக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றியது. ஆடுகள் கொஞ்சம் கலைந்தன. பிறகு குழைக்கே திரும்பி வந்தன. ஹெலி போய்விட்டது.

சின்னத்துரை அண்ணை இறங்கி வந்து முட்டியைச் சரித்துத் தானே குடித்தார். "இண்டையான் கள்ளு விக்கிறதுக்கில்லை" என்றார். "எனக்கு வேணும்."

இந்த இடத்தில் நில்லுங்கள். உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். ஹெலி வராது, வேறு ஏதாவது வரும். பயம் போனபிறகு வருகிற அந்த ஒரு மணித்தியாலத்தில்தான் எங்கள் வேலை கெட்டுப்போகிறது. எல்லாருக்கும் உடனே ஒரு பதில் வேண்டியிருக்கும்.

வேலிகளுக்குள் இருந்து ஆட்கள் வந்தார்கள். ஒரு மனுசன் ரீச்சருக்கு நேரே வந்து நின்றார். "ரீச்சர், எங்கடை தலையிலை போடச்சொல்லியோ கீறுறியள்?" அவர் சொன்னதில் பிழை இல்லை. செயலாளருக்கும் செய்தி போய்விட்டது. பின்னேரத்துக்குள் எல்லாவற்றையும் நிறுத்து என்று ஆள் அனுப்பியிருந்தார். நிறுத்துவது சுகமான வேலை. ஒரு சொல் போதும். ஆரும் உங்களைக் குறை சொல்லமாட்டார்கள்.

நான் அந்தச் சொல்லைச் சொல்லாமல், சுண்ணாம்பைச் சுரண்டத் தொடங்கினேன். அது எப்படியும் செய்ய வேண்டிய வேலை. கை வேலை செய்யும்போது வாய் அவசரப்படாது. மண்ணோடு சேர்த்து வழித்துக் கடகத்தில் அள்ளினோம். திட்டின மனுசனும் கொஞ்ச நேரத்தில் மண்வெட்டி கொண்டுவந்தார். பூமணி அக்கா ஆடு விட்ட குழைக்காம்புகளைப் பொறுக்கினா.

ரீச்சர் ஒரு பிடி குழையைக் கையில் வைத்துக்கொண்டு குந்தியிருந்தா. மிதிபட்டு மண்ணோடு ஒட்டின குழை.

"பூமணி, தோட்டத்திலை குழை தாழ்த்தின இடத்திலை புல்லு வந்தா எப்பிடி இருக்கும்?"

குழை தாழ்ப்பது உங்களில் தோட்டக்காரப் பிள்ளைகளுக்குத் தெரியும். புகையிலைக்கும் மரவள்ளிக்கும் வாய்க்கால் மாதிரிக் கான் வெட்டி, பூவரசங் குழையைப் பரப்பி, மண்ணால் மூடுவது. குழை உக்கி மண் கொழுக்கும்.

"எப்பிடி இருக்கும்? கறுப்பாய் வரும்" என்றா பூமணி அக்கா. "மற்றப் புல்லு பச்சையெண்டால் அது கரும்பச்சை. ஏன், ரீச்சர் புகையிலை நடப்போறியளோ?"

ரீச்சர் என்னைப் பார்த்தா. எனக்கு விளங்கிவிட்டது: சுண்ணாம்புக்குப் பதிலாகக் குழை தாழ்த்திக் கோடு போடுவது. மேலிருந்து பார்த்தால் பச்சைக்குள் பச்சை. பிளேனுக்கு அது வெறும் புல்வெளி.

அன்று பின்னேரம் செயலாளரிடம் போனேன். நிறுத்தியாயிற்று என்று சொன்னேன். பிறகு, வேறொரு மாதிரிச் செய்யலாம் என்று சொன்னேன். அவர் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"கீறின பிறகு ஒண்டும் தெரியாதெண்டுறாய்."

"ஓம் ஐயா. மழைக்குப் பிறகுதான்."

"மழைக்குப் பிறகும் மேலையிருந்து தெரியாதெண்டுறாய்."

"ஓம்."

"அப்ப அது என்ன படமடா?"

"பாக்க வேணும்போலை கிடக்கு ஐயா" என்றேன்.

அவர் சிரித்தார். ஆனால் சும்மா விடவில்லை. குழை எங்கிருந்து வரும், ஊர் வேலியெல்லாம் மொட்டையாகினால் தோட்டத்துக்கு என்ன செய்வது என்று கேட்டார். நல்ல கேள்வி. ஒரு வேலியில் ஒரு கடகத்துக்கு மேல் வெட்டுவதில்லை என்று முடிவெடுத்தோம். கான் ஆழமில்லாமல் முழங்கை அளவோடு நிற்கவேண்டும் என்றேன். குடைக்கார மனுசனின் கிடங்கு எனக்கு மறக்கவில்லை. இளகின மண் மழைக்கு இறுகும்வரை வெளியின் அந்தப் பக்கம் ஆடுமாடு விடக்கூடாது என்றும் சொன்னேன். அதை நான் பூமணி அக்காவைக் கேட்காமல் சொன்னேன். போய்ச் சொன்னபோது வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"என்ரை ஆடு பட்டினி கிடக்க, உங்கடை ஆள் நித்திரை கொள்ளுறாவோ?"

கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தோம். மண் இறுகிவிட்டது என்று நான் பார்த்துச் சொன்னதற்கு அடுத்த நாள் விடியவே ஆடுகள் உள்ளே வரும். ஒரு நாளும் பிந்தாது. ரீச்சர் அதற்கு ஒத்துக்கொண்டா.

கான் வெட்டின நாட்களில் பாதையால் போனவர்கள் எல்லாரும் சைக்கிளை நிறுத்தினார்கள். "பங்கரோ?" என்று கேட்டார் ஒருவர். "பங்கரெண்டால் ஏன் உவ்வளவு நீளம்?" என்றார் மற்றவர். "படுத்து நித்திரை கொள்ளத்தான்" என்றா ரீச்சர், தலை நிமிராமல். திட்டின மனுசன் வேலியால் பார்த்து, கான் கோணலாகப் போகிறது என்று சொல்லி வந்து சேர்ந்துகொண்டார். குழை பரப்பி, மூடி, மிதித்தோம். வேலை முடிந்த அன்று வெளியைப் பார்த்தால் கொத்தின மண் மட்டும்தான். சின்னத்துரை அண்ணை ஏறிப் பார்த்து, "மரவள்ளித் தோட்டம்" என்றார். எங்களுக்கு அது நல்ல செய்தி.

இந்தப் படத்தைக் காட்ட ரீச்சர் நினைத்திருந்த பள்ளிக்கூடக் கண்காட்சி வந்து போனது. அவவின் பெயருக்கு நேரே ஒன்றும் இருக்கவில்லை. மழை தொடங்கியது. நான் இடையிடையே போய்ப் பார்த்தேன். கான் விழுந்த இடங்களில் மண் தாழ்ந்தது. அங்கே மண் போட்டு மிதித்தேன். புல் முளைத்தது. மார்கழியில் வெளி முழுவதும் பச்சை.

கஷ்டம் அதுதான். வெளி முழுவதும் பச்சை. நின்ற இடத்திலிருந்து பார்த்தால் ஒன்றும் பிரியவில்லை. இங்கே கொஞ்சம் கறுப்பு, அங்கே கொஞ்சம் உயரம் என்று எங்களுக்குத் தெரிந்தது, நாங்கள் வெட்டினவர்கள். சின்னத்துரை அண்ணையை ஏறிப் பார்க்கச் சொன்னோம்.

"என்ன தெரியுது அண்ணை?" என்றா ரீச்சர்.

"புல்லு தெரியுது."

"கோடு?"

"நீங்கள் சொல்லுறபடியால் தெரியுது ரீச்சர். சொல்லாட்டில் தெரியாது."

ரீச்சர் சுற்றிவர இருந்த வேலிகளைப் பார்த்தா. பிறகு, "வீடுகளுக்கு ஆபத்தில்லைத்தானே" என்றா. இல்லை என்றேன். உண்மையும் அதுதான். நான் பார்க்க வேண்டியதை எல்லாம் சரியாகப் பார்த்திருந்தேன். ஆருக்கும் ஒரு தீங்கும் இல்லாத படம். ஆருக்கும் தெரியாத படமும்கூட. நீங்கள் இந்த வேலையில் நெடுநாள் நின்றால் இப்படி ஒன்றை நீங்களும் செய்வீர்கள். பாதுகாப்பு முழுவதும் இருக்கும், படம் இருக்காது. அன்றைக்கு என் மனம் சரியில்லை.

நான் ஒரு தடியால் கான் நெடுகக் குத்திப் பார்த்தேன். தடி இறங்கவில்லை. மண் இறுகிவிட்டது. பேச்சுப்படி பூமணி அக்காவுக்குப் போய்ச் சொன்னேன்.

"நாளைக்கு விடியவோ?"

"ஓம்."

ரீச்சர், ஆடு வந்து மிதிக்கமுந்தி ஒருக்கால் காட்டிவிடுவோம் என்று நினைத்து, விடியக்காலை அம்மாவைச் சைக்கிள் கரியரில் இருத்தி உருட்டிக்கொண்டு வந்தா. மெலிந்த மனுசி. தலையில் துவாய் கட்டியிருந்தா. வரும்போதே வானத்தைப் பார்த்தா. பிறகு பங்கர் எங்கே என்று பார்த்தா. பிறகுதான் வெளியைப் பார்த்தா.

ஆனால் பூமணி அக்கா பிந்துகிற ஆள் இல்லை. ஆடுகள் ஏற்கெனவே உள்ளே.

பல கிழமையாக அந்தப் பக்கம் விடாமல் வைத்த ஆடுகள். அவை வெளியெங்கும் பரவி மேயும் என்றுதான் நான் நினைத்தேன். முதலில் அப்படித்தான் ஓடின. பிறகு ஒன்று நின்றது. இன்னொன்று அதற்குப் பக்கத்தில் வந்து நின்றது. கொழுத்த புல் எங்கே இருக்கிறது என்று அவை கண்டுபிடித்துவிட்டன. ஒன்றின் பின்னால் ஒன்றாக, தலையைக் குனிந்து, வெள்ளையும் கபிலமும் கறுப்புமாகக் கோட்டில் நின்றன. வடலிக் கூடல் பக்கம் வளைந்து தலையைச் சுற்றி நின்றன. பாதைப் பக்கம் நாலு நீள வரிசையாக நின்றன.

பனையின் மேலிருந்து சின்னத்துரை அண்ணை கூப்பிட்டார். "ரீச்சர், ஆள் படுத்திருக்கிறா."

"எல்லாம் தெரியுதோ?"

"முழங்கை ஒண்டு இல்லை. பொறுங்கோ... இப்ப ஒரு கிடாய் போகுது. ஓம். இப்ப எல்லாம் இருக்கு."

பூமணி அக்கா தடியை ஊன்றிக்கொண்டு வாயைத் திறந்தபடி நின்றா. அன்றைக்கு அவ என்னை ஓவசியர் என்று கூப்பிடவில்லை. ஹெலிச் சத்தம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் வெளியில் ஆடு மேய்ந்தது, அவ்வளவுதான்.

"அம்மா, உது நீங்கள்" என்றா ரீச்சர்.

அம்மா கண்ணுக்கு மேலே கையை வைத்துப் பார்த்தா. தலையிலிருந்து கால்வரை மெதுவாகப் பார்த்தா.

"நானோ?" என்றா. "என்ரை காலை ஆடெல்லே தின்னுது."

பூமணி அக்கா சிரிக்கத் தொடங்கினா. நிறுத்த முடியவில்லை. ஆடுகள் கோடு அழியும்வரை மேய்ந்தன. பிறகு வழமைபோல வெளியெங்கும் பரவின. மத்தியானத்துக்குள் படம் இல்லை. செயலாளர் என்னைக் கூப்பிட்டு, கழட்டியாச்சோ என்று கேட்டார். ஓம் ஐயா, திண்டாச்சு என்றேன். அடுத்த மழைக்குப் பிறகும் தடியைக் கொண்டுபோய்க் குத்திப் பார்த்தேன். எங்கும் இறங்கவில்லை.

உங்கள் மீனைப் பார்க்க நான் வருகிறேன். தடி ஒன்று கொண்டுவாருங்கள். மீனை ஒருக்கால் கடலிலிருந்து பார்க்கவேண்டும், தோணிக்காரர் ஒருவரைப் பிடித்து வையுங்கள். இரவில் கரைக்கு வருகிறவனுக்கு அது என்னமாதிரித் தெரியும் என்று அவரைத்தான் கேட்கவேண்டும். அந்தக் கரையில் ஆர் என்ன மேய்க்கிறார்கள், ஆர் வலை காயப்போடுகிறார்கள் என்று கேட்டு வையுங்கள். உங்கள் ஓம், இல்லை இரண்டையும் அதற்குப் பிறகு எழுதலாம்.

ஆடு மேய்ந்ததற்கு அடுத்த கிழமை ரீச்சரைச் சந்தையில் கண்டேன். அம்மா எப்படி என்று கேட்டேன். இன்னும் கதிரையில்தான் நித்திரை என்றா. ஆனால் படம் பார்த்த அன்று இரவு கதிரைக்கு முன்னால் ஒரு வாங்குப் பலகையை இழுத்துப் போடச் சொன்னாவாம். இரண்டு காலையும் தூக்கி அதில் நீட்டிக்கொண்டு, மகளைப் பார்த்துச் சொன்னாவாம்:

"ஆடு தின்னமுந்தி ஒருக்கால் நீட்டிப் பாப்பம்."